குழாயடித் தாம்பூலம்

சவுக்காரக் கம்பெனியின் கேட்டில் அங்கம்மா காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். முந்தாநாள் காரத்தொட்டியைக் கிளறும்போது காரம் தெறித்து அவள் புருஷன் எத்திராஜுக்கு ஒரு கண் அவிந்துபோயிற்று. மற்றதாவது தங்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும், அவனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று தர வேண்டும். இதைக் கேட்கத்தான் வந்திருந்தாள். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு வாட்ச்மேன் ஜாபர் உள்ளேயிருந்து வந்தார்.

"மானேஜர் பாக்க மாட்டாராம், தங்கச்சி. கண்ணாடி போடாம தொட்டியாண்ட போனது அவன் தப்பாம். வேற ஆள் போட்டுட்டாங்க."

"கண்ணாடியா? இன்னா கண்ணாடி? எவன் குட்த்தான்?"

ஜாபர் கேட்டை இழுத்துச் சாத்தினார்.

மூலையில் உட்கார்ந்து அழுகிறவள் இல்லை அங்கம்மா. ஊர் இருக்கிறதே! தொட்டி கிளறுவதிலிருந்து மூட்டை ஏற்றுவதுவரை எல்லாம் அவர்கள் குப்பத்து ஆட்கள்தான். மீன் படாத காலத்தில் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தவர்கள் அங்கேயே நிலைத்துவிட்டார்கள். பஞ்சாயத்தில் 'நாளைக்கு யாரும் போவாதீங்க' என்று ஒரு வார்த்தை விழுந்தால் ஒரு ஆள் கேட்டைத் தாண்டமாட்டான். போன வருஷம் கம்பெனியின் கழிவுத்தண்ணீர் இறங்கி ஊர்க்கிணறு கெட்டபோது அப்படித்தான் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். பாய்லர் அணைந்தது. அதற்கப்புறம்தான் கம்பெனிக்காரர்கள் ஓடிவந்து, குப்பத்து முனையில் நல்ல தண்ணீர்க் குழாய் போட்டு, பந்தல் கட்டி, மாலை போட்டுத் திறந்துவைத்தார்கள்.

அன்று சாயங்காலம் அம்மன் கோயில் மணலில் பஞ்சாயத்து கூடியது. பெரியதனக்காரர் கோதண்டம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினார்.

"எத்திராஜு நம்ம புள்ள. வயிறு எரியுது. ஆனா நாம தாம்பூலம் வாங்கிக்கினோமேம்மா."

அங்கம்மாவுக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. ஊர் சார்பில் ஒருத்தரிடம் தாம்பூலம் வாங்கிவிட்டால் அதோடு பகை தீர்ந்தது. வாங்கிய தட்டைத் திருப்பிக் கொடுக்காமல் அவர்மேல் ஊர் பிராது எடுக்கக்கூடாது. அது குப்பத்தின் கட்டுப்பாடு. குழாய் திறந்த அன்று மானேஜர் வேதமாணிக்கம், யார் கையில் கொடுப்பது முறை என்று கோதண்டத்திடமே விசாரித்துக்கொண்டு, முதல் குடம் பிடித்த சுமங்கலியிடம் வெற்றிலை பாக்கும் புடவையும் வைத்த பித்தளைத் தட்டை நீட்டினார். வாங்கியவள் அங்கம்மா. அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு பெருமை! அந்தப் புடவையைக்கூட இன்னும் கட்டாமல் பெட்டியில் வைத்திருந்தாள்.

"அவ்ளோதானே? திருப்பிக் குட்த்துடறேன்." எழுந்து வீட்டுக்கு ஓடினாள். தட்டையும் புடவையையும் கொண்டுவந்து மணலில் வைத்தாள்.

"தாம்பூலம் போச்சுன்னா கொழாவும் போவும்" என்றாள் கூட்டத்தில் இருந்த மங்கை.

பக்கத்துவீட்டுப் புஷ்பவல்லி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "யக்கா, கோச்சுக்காத. அந்தக் கெணத்துத் தண்ணிய வாய்ல வைக்க முடியுதா? இந்தக் கொழா வந்தப்புறம்தான் என் புள்ளைக்கு பேதி நின்னுது."

அங்கம்மா எல்லார் முகத்தையும் பார்த்தாள். ஒருத்தரும் அவளைப் பார்க்கவில்லை. சண்டை போடத்தான் வாய் வந்தது. ஆனால் எத்திராஜின் கண்ணை நல்ல தண்ணீரில் ஓயாமல் கழுவச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் எப்படிக் கழுவுவது? பாவி மனசு அதையும் நினைத்துப் பார்த்தது. குனிந்து தட்டை அவளே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலையில் குழாயடியில் பெண்கள் விலகி, அவளை முதலில் விட்டார்கள். குடம் நிறையும்போது ஒரு கார் வந்து நின்றது. வேதமாணிக்கமும், தெற்கத்திப் பக்கத்து முதலாளி ஒருவரும் இறங்கினார்கள்.

"பாரும் அண்ணாச்சி, ஒரே ஒரு குழாய்தான். இத போட்ட நாள்ல இருந்து ஒரு நாளாவது மிஷின் நின்னிருக்கா? நீரும் உம்ம மில்லு பக்கத்துல ஒண்ணு போடும். புண்ணியத்துக்குப் புண்ணியம், லாபத்துக்கு லாபம்."

"சனங்களுக்குச் சந்தோசந்தானா?"

"நீரே கேளுமே." அங்கம்மாவின் பக்கம் திரும்பினார். தான் தட்டு கொடுத்தவளின் முகம் அவருக்கு ஞாபகம் இல்லை. "என்னம்மா, தண்ணி நல்லா இருக்கா?"

அங்கம்மா குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

"நல்லா கீது சாமி. கண்ணு கழுவ எடுத்துகினு போறேன்."

"கேட்டீரா!" என்று சிரித்தார் வேதமாணிக்கம்.

கம்பெனிச் சங்கு ஊதியது. குப்பத்து ஆண்கள் தலையைக் குனிந்தபடி அவளைக் கடந்து கேட்டுப் பக்கம் போனார்கள். கடைசியாகப் புஷ்பவல்லியின் புருஷன் கருணாகரன் போனான். எத்திராஜின் இடத்தில் தொட்டி கிளறப் போட்டிருக்கும் ஆள் அவன்தான். அங்கம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் கண்ணாடி இல்லை.