படத்தின் பின்பக்கம்

அந்தக் கடிதத்தைக் காப்பாளர் என் மேசையில் போட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முப்பது வருடமாக இந்த அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். படம் எங்களுடையது, திருப்பிக் கொடுங்கள் என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். படமே வேண்டாம், அதன் முதுகை மட்டும் காட்டுங்கள் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

கடல் தாண்டி இருக்கும் ஒரு அம்மாள் எழுதியிருந்தார். போர்க்காலத்தில் படையினர் அவர்கள் வீட்டிலிருந்து தூக்கிப்போன படம் இப்போது எங்கள் மூன்றாம் கூடத்தில் தொங்குகிறது. ஆற்றங்கரையில் பெண்கள் துணி உலர்த்தும் படம். பிள்ளை பிறக்கும்போதெல்லாம் அவருடைய தாய் அதைச் சுவரிலிருந்து கழற்றி, பின்புறத் துணியில் தூரிகையால் பெயரும் தேதியும் எழுதுவாராம். ‘நாங்கள் மூன்று பேர். என்னைத் தவிர வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. ஒரு போட்டோ இல்லை, ஒரு கல்லறை இல்லை. அம்மாவின் கையெழுத்தில் எங்கள் பெயர்களை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.’

காப்பாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “படத்தைக் கேக்கலையே, அதுவே போதும். திருப்பிக் காட்டி, ஒரு காபி குடுத்து அனுப்பிடலாம்,” என்றார்.

அந்தப் படத்தின் பின்னால் எதுவுமே இல்லை. இருந்ததைச் சுரண்டியவள் நான்.

நைந்துபோன ஓவியத்துணிக்குப் பின்னால் புதுத் துணி ஒட்டிப் பலப்படுத்துவது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. முதலில் பழைய ஒட்டுத்துணியை உரிக்க வேண்டும். பிறகு நூல் தெரியுமளவுக்கு மூலத்துணியைச் சுரண்டினால்தான் ஒட்டுவதற்கான புது மெழுகு பிடிக்கும். வியாபாரி கிறுக்கியது, சுங்கக்காரர் முத்திரை என்று பின்னால் என்னென்னவோ இருக்கும். எங்களுக்கு எல்லாமே அழுக்குதான். முகத்தைத்தான் போட்டோ எடுப்போம். முதுகுக்கு யார் பிலிம் செலவழிப்பார்கள்?

இந்தப் படத்தை நான் உரித்து இருபத்தைந்து வருடமாகிறது. அதன் பழைய ஒட்டு என் அப்பா போட்டது. போர்க்காலத்தில் இதே பட்டறையில் இதே வேலையைப் பார்த்தவர் அவர். ஊரைப் பிடித்துவைத்திருந்த படையினர் கொண்டுவந்து குவித்த படங்களுக்கெல்லாம் அவர்தான் கைவேலை செய்தார். அதற்காக ஊர் அவரை ‘எடுபிடி’ என்றது. பள்ளிக்கூடத்தில் நான் எடுபிடி மகள். எனக்குப் பன்னிரண்டு வயதில் அவர் செத்தபோதுகூட எனக்குச் சரியாக அழுகை வரவில்லை.

ஈரப் பஞ்சை வைத்ததும் அவருடைய ஒட்டு சுலபமாகக் கழன்று வந்துவிட்டது. வெறும் மாவுப் பசை! கோந்துகூடக் கலக்கவில்லை. “எடுபிடி வேலையாவது ஒழுங்கா செஞ்சிருக்கக் கூடாதா?” என்று பட்டறையில் எல்லாரிடமும் கேலி பேசினேன். கீழே கறுப்பாகச் சில வரிகள் தெரிந்தன. அழுக்கோடு அழுக்காகச் சுரண்டினேன். ‘பின்புறம் சுத்தம், குறிப்பு எதுவுமில்லை’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் அம்மாவிடம் புலம்பினேன். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. காதுதான் மந்தம், ஞாபகம் கூர்மை.

“அந்தப் பேரெல்லாம் இருக்குமேடி,” என்றாள். “உங்கப்பா எதையும் அழிக்கலையே. மூடித்தானே வெச்சாரு?”

அதன்பிறகு அவள் சொன்னதையெல்லாம் நான் நின்றபடியே கேட்டேன்.

என் மேசை இருக்கும் அதே ஜன்னலோரம். இருபத்துமூன்று படங்கள் குப்புறக் கிடக்கின்றன. படை அதிகாரி ஒருவர் கையுறையைக் கழற்றாமலே ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வருகிறார்.

“பின்னாடி இருக்குற பேரு, முகவரி, சீட்டு எல்லாம் போயிடணும். எந்த வீட்டுதுன்னு ஒருத்தனும் கண்டுபிடிக்கக் கூடாது.”

“சுரண்டினா துணி கிழிஞ்சிடும் சார். மேல புதுத் துணி ஒட்டிடுறேன், ஒண்ணும் தெரியாது,” என்கிறார் அப்பா.

“ஒட்டறதுக்குக் கோந்து இருக்கா?”

“இருக்குங்க.”

கோந்து இருந்தது. ஆனால் கோந்து பிடித்தால் பிடித்ததுதான். பிறகு உரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். மாவுப் பசைக்கு ஈரத்துணி போதும். ரேஷனில் கிடைத்த எங்கள் வீட்டு மாவை மூன்று வாரம் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோயிருக்கிறார் அப்பா.

“நீ பசி பசின்னு கத்துவே. நான் அவரைப் பிடிச்சுத் திட்டுவேன்,” என்றாள் அம்மா. “‘சண்டை முடிஞ்சதும் யாராவது உரிச்சுப் பாப்பாங்க, அவங்கவங்க படம் அவங்கவங்களுக்குப் போயிடும்’னு சொல்லுவாரு. முடிஞ்சதும் போய்ச் சொல்லத்தான் செஞ்சாரு. எடுபிடி பேச்சை யாரு காதுல வாங்கினா? வாசலோட துரத்திட்டாங்க.”

“இதை ஏம்மா என்கிட்ட சொல்லலே?”

“நீ எங்கடி சொல்ல விட்டே? அவர் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவியே.”

அது உண்மை. அவர் ஒட்டிய படங்களில் இன்னும் எத்தனையை என் கையால் சுரண்டினேன் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. அன்றுதான் அப்பாவுக்காக அழுதேன், நாற்பது வருடத்துக்கும் மேலே தாமதமாக.

அடுத்த வாரம் அந்த அம்மாள் வந்தார். அறுபது வயதிருக்கும். காப்பாளர் என்னைத் தனியாக அழைத்து, “பதிவேட்டுல குறிப்பு இல்லைன்னுதானே இருக்கு? அதையே சொல்லிடுங்க. எதுக்கு வம்பு?” என்றார். சொல்லியிருக்கலாம். என் கையெழுத்தே எனக்குச் சாட்சி.

படத்தை மேசையில் குப்புறப் போட்டேன். நான் ஒட்டிய துணியைக் காலையிலேயே உரித்து வைத்திருந்தேன், ஏதாவது தடம் மிஞ்சியிருக்காதா என்ற நப்பாசையில். சுத்தமாக இருந்தது. அவ்வளவு நல்ல வேலைக்காரி நான்.

“இருங்க, கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்,” என்றார் அவர்.

“துடைக்க வேணாம்மா. எழுத்து இருந்துச்சு. நாந்தான் சுரண்டினேன், அழுக்குன்னு நெனச்சு. மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு வாய் வரலே.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெறுந்துணியை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

“அப்ப எழுதியிருந்தது நிஜம்தான். நானா கற்பனை பண்ணிக்கிட்டேனோன்னு இத்தனை வருஷமா பயந்துட்டிருந்தேன்,” என்றார். பிறகு லேசாகச் சிரித்தார். “அம்மாவுக்கு எழுத்து நேராவே வராது. முதல்ல நான், அப்புறம் தம்பி, அப்புறம் குட்டித் தங்கச்சி. மூணு வரியும் கோணலாத்தானே இருந்துச்சு? அதாவது ஞாபகம் இருக்கா?”

கொடுப்பதற்கு என்னிடம் ஏதோ ஒன்று இருக்கிறதே என்று எனக்கு ஆவல் தாங்கவில்லை.

“கோணல்தாம்மா. நல்லா ஞாபகம் இருக்கு. நாலு வரி. மேல மூணும் ரொம்பக் கெட்டி, வரிக்கு ஒரு பிளேடு மழுங்கிச்சு. நாலாவது ரொம்ப நாள் கழிச்சு எழுதினது போல, சாயம் சரியா இறுகலே. ரெண்டு இழுப்புல வந்துடுச்சு.”

தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

“நாலா?”

“ஆமாம்மா.”

“நாங்க மூணு பேருதானே.” அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “ஆறு வயசுல என்னைச் சித்தியோட கப்பல் ஏத்தினாங்க. அம்மா வழியனுப்பக்கூட வரலே. உடம்புக்கு முடியலே, படுத்திருக்கான்னாங்க. அப்பல்லாம் எனக்கு என்ன தெரியும்…”

என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்ன பேரும்மா? தம்பியா, தங்கச்சியா? முதல் எழுத்தாவது சொல்லேன்.”

எனக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். சுரண்டும்போது அந்த எழுத்து என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

“நான் அதைப் படிக்கவே இல்லைம்மா,” என்றேன்.