மிதந்த இஞ்சினும் புதைந்த கியர்பாக்ஸும்

ரிவெட்டக்காவின் புருஷன் வாங்கிவந்த இஞ்சினுக்கு எடை கிடையாது. பழைய இரும்புக் கடையில் தராசில் ஏற்றியபோது முள் அசையவில்லை. கடைக்காரர் தராசைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை நிறுத்துப் பார்த்தார், பிறகு கட்டுகிற கயிற்றுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். நான்கு சிலிண்டர் டீசல் இஞ்சின், ஒரு குறையும் இல்லாதது, ஒர்க்‌ஷாப்பில் இடுப்புயரத்தில் மிதந்தது. அதே வாரம் அக்காவின் தம்பி வேறொரு கடையிலிருந்து கொண்டுவந்த கியர்பாக்ஸோ, நாளுக்கு ஒரு விரற்கடை வீதம் சிமெண்டுத் தரையில் புதைந்தது. தினமும் காலையில் பல் விளக்கியதும் அதைச் செயின் பிளாக்கால் தூக்கி இடம் மாற்றி வைப்பான் தம்பி. பழைய பள்ளத்தை அக்கா சிமெண்டு பூசி அடைப்பாள். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புருஷன் கால் தரையில் பாவாத ஆள், தம்பி உட்கார்ந்தால் இடித்த புளி, அவரவர் குணத்துக்குத் தகுந்த சாமான் அமைந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

தேய்ந்த கிளட்ச் பிளேட்டுகளுக்குப் புது லைனிங் வைத்து ரிவெட் அடிப்பது அக்காவின் தொழில். முன்னறை கடை, பின்னறைகள் வீடு. அவள் கல்யாணம் முடிந்த மறுவருஷம் வந்து தங்கிய தம்பி பிறகு கிளம்பவே இல்லை. அவன் ஃபிட்டர், புருஷன் வாடகை வேன் ஓட்டுகிறவன். மூவரும் சேர்ந்து சொந்தமாக ஒரு பயணிகள் வேன் விடுவதென்று முடிவாகி, வெறும் கூண்டாக ஒரு வேனும் கொல்லையில் வந்து நின்றுவிட்டது. இஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற கிளட்ச்தான் பாக்கி. அதில்தான் வினை பிடித்தது. ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருவரும் ஆளுக்கொரு முழு கிளட்ச் செட் வாங்கிவந்தார்கள். புருஷன் வாங்கிய பிளேட் இஞ்சினின் பின்னால் இருக்கும் ஃப்ளைவீலில் அச்சாக உட்கார்ந்தது, ஆனால் அதன் நடு ஓட்டை கியர்பாக்ஸின் தண்டில் நுழையவில்லை. தம்பியின் பிளேட் தண்டில் வழுக்கிக்கொண்டு ஏறியது, ஃப்ளைவீலில் வைத்தால் இரண்டு விரல் சின்னதாக இருந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருவரும் நின்றார்கள். எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

பேச வேண்டியதெல்லாம் அக்கா வழியாகப் போனது. "உன் தம்பிகிட்ட சொல்லு, அவன் கியர் பொட்டிய மாத்தட்டும்" என்பான் புருஷன், தம்பி மூன்றடி தள்ளி நிற்கும்போதே. "இஞ்சினைத்தான் மாத்தணும்னு அவர்கிட்ட சொல்லுக்கா" என்பான் தம்பி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒன்பதாம் மாதம் தம்பிக்குத் தூரத்துத் துறைமுகம் ஒன்றில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாகவும் கியர்பாக்ஸையும் கூடவே கொண்டுபோவதாகவும் சொன்னான். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதவன் அவன். அங்கே போய் உட்கார்ந்தால் அங்கேயே இருந்துவிடுவான், திரும்ப மாட்டான் என்று அக்காவுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் அவள் இரண்டு பிளேட்டுகளையும் எடுத்துவைத்து ரிவெட்டுகளைத் தட்டிக் கழற்றினாள். புருஷன் பிளேட்டின் விளிம்பையும் தம்பி பிளேட்டின் நடுப்பாகத்தையும் சேர்த்து ஒரே பிளேட்டாக அடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. "விளிம்பு இஞ்சினுக்குப் பொருந்தணும், நடு ஓட்டைப் பல்லு கியர்பாக்ஸுக்குப் பொருந்தணும். ரெண்டு பேர் வாங்கினதும் பாதிதான் சரி" என்றாள். முதல் நாளே அவளுக்கு இது தெரியும். யாரும் கேட்கவில்லை, கேட்காமல் சொன்னால் ஒரு கட்சியில் சேர்த்துவிடுவார்கள் என்று எட்டு மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு சாமான் மிச்சமிருந்தது. கியர்பாக்ஸ் தண்டின் மூக்கு இஞ்சினின் வால்பக்கக் குழியில் உட்கார ஒரு சின்ன பேரிங் வேண்டும். அதன் வெளிவட்டம் இஞ்சினுக்குச் சரியாக இருக்க வேண்டும், உள்வட்டம் தண்டுக்கு.

"நீ மாமாவோட இஞ்சினை அள. நீங்க அவன் கியர்பாக்ஸை அளங்க. நான் ரெண்டையும் தொடமாட்டேன்" என்றாள்.

தம்பி இஞ்சினைக் கட்டிப்பிடித்ததும் அது அவனோடு கூரைவரை எழும்பிவிட்டது. ஏணியில்கூட ஏறிப் பழகாதவன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குழியை விரலால் தடவித் தேடி அளவுகோலை வைத்தான். புருஷன் கியர்பாக்ஸ் பக்கத்தில் மண்டியிட்டான், தரை இளகி அவனை இடுப்புவரை வாங்கிக்கொண்டது. அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள், இரண்டு பேரில் எவனுக்கும் உதவப் போகவில்லை.

"மாமா, முப்பத்தஞ்சு மில்லி" என்றது கூரைப் பக்கத்துக் குரல்.

"இங்க பதினஞ்சு. நல்லா பிடிச்சுக்க மச்சான், கீழ பாக்காத" என்றது தரைப் பக்கத்துக் குரல்.

அந்த அளவு பேரிங் எந்தக் கடையிலும் கிடைக்கும், மின்விசிறிக்கே அதைத்தான் போடுவார்கள். அக்காவின் மேஜை டிராயரிலேயே ஒன்று கிடந்தது. இஞ்சினில் தொங்கிய கயிற்றை அவள் புருஷன் கையில் கொடுத்தாள். மேலிருந்த இழுப்பில் அவன் தரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தான், அவன் கனத்தில் தம்பி கீழே இறங்கினான். மாலைக்குள் இஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாகி வேனுக்குள் ஏறின. இரண்டும் சேர்ந்து, அப்படிப்பட்ட வேனுக்கு இருக்க வேண்டிய எடையே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பி ஊருக்குக் கிளம்பவில்லை, சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பினான். அக்கா உள்ளே போய்ச் சந்தோஷத்தில் கொஞ்சம் அழுதாள்.

வேன் ஓடத் தொடங்கிப் பதினேழு வருஷம் ஆகிறது. கிளட்சை மிதித்தால் இஞ்சினும் கியர்பாக்ஸும் பிரிகின்றன அல்லவா, அப்போது மட்டும் வண்டியின் முன்பக்கம் ஓரடி எழும்பும், பின்பக்கம் அமுங்கும். காலை எடுத்ததும் சமமாகிவிடும். பின்படி தணிந்து வருவதால் முட்டிவலிக்காரர்கள் இந்த வேனுக்கென்றே காத்திருக்கிறார்கள். முட்டை வியாபாரி ஒருவர் மட்டும் முன்கூட்டியே சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அதனால் கண்டக்டராகப் போகும் தம்பி, மிதிக்கலாமா கூடாதா என்று பின்னாலிருந்து பார்த்துச் சொல்ல, புருஷன் பதில் சொல்லிவிட்டு மிதிக்கிறான். ஒரு நடைக்கு நூற்றிருபது தடவை கியர் மாறும். வேன் தெருமுனையில் திரும்பும்போதே அக்காவுக்குக் கடைக்குள் கேட்டுவிடும்.

"மிதிக்கலாம் மாமா."

"மிதிக்கிறேன் மச்சான்."

வேனின் மூக்கு மேலே எழும்புகிறது. அவள் அடுத்த ரிவெட்டை எடுத்து வைக்கிறாள்.