மகாராணியும் இடது செருப்பும்

மகாராணி என்பது பால்காரி வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பசுவின் பெயர். மூன்று தடவை சினை ஊசி போட்டும் அது சினை நிற்கவில்லை. பால்காரியின் புருஷனுக்குப் பொறுமை போய்விட்டது.

"டாக்டரம்மா ஆகாதுன்னு சொல்லட்டும், நாளைக்கே அடிமாட்டு வண்டியில ஏத்திடறேன். மலட்டு மாட்டைக் கட்டி வச்சு அழகு பாக்கவா?"

அந்த வண்டியில் ஏறிய மாடு எதுவும் திரும்பி வந்ததில்லை. பால்காரி மாட்டின் வாலைத் தூக்கிப் பிடித்தாள்.

மாட்டு டாக்டர் சின்னப் பெண். தோள் வரை நீண்ட உறையை மாட்டி, பின்பக்கமாகக் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கர்ப்பப்பை தடிச்சிருக்குக்கா. உள்ள சீழ். போன தடவை கன்னு போட்டப்ப நஞ்சுக்கொடி தானா விழுந்துச்சா?"

பால்காரி புருஷனை ஓரக்கண்ணால் பார்த்தாள். இத்தனை மாதமாக யாரிடமும் சொல்லாதது.

"விழலை டாக்டரம்மா. சாயந்தரம் வரைக்கும் தொங்கிச்சு. பாரம் கட்டினா இறங்கிடும்னு ஒரு செருப்பைக் கட்டி விட்டேன். கொடி பாதியில அறுந்துடுச்சு."

புருஷன் வாயைப் பிளந்தான். "அடிப்பாவி! என் இடது செருப்பா? தெரு நாய்தான் தூக்கிட்டுப் போச்சுன்னு அதை எவ்வளவு திட்டினேன்!"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மீதி உள்ளயே அழுகிப் புண்ணாயிடுச்சு. இது மலடு இல்லண்ணே. ஆறினா நிக்கும்."

அவன் மாட்டைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "இன்னும் ஒரே ஒரு ஊசி. அதுவும் நிக்கலைன்னா வண்டிதான்."

நீளக் குழாய் வழியாக மருந்து உள்ளே போயிற்று. அடுத்த தடவை மாடு பருவத்துக்கு வரும்போது ஊசி வேண்டாம், வாலடியில் வடியும் ஒழுக்கை மட்டும் கவனியுங்கள், அது தெளிவாக வந்தால் புண் ஆறிவிட்டது என்றார் டாக்டரம்மா. அந்தத் தடவை ஒழுக்கு கலங்கலாகத்தான் வந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு காலை, மகாராணியின் வாலடியிலிருந்து தரை வரைக்கும் ஒற்றை இழை, அறுபடாமல், கண்ணாடியாகத் தொங்கியது. வெயில் அதற்குள் புகுந்து போனது. பால்காரி சாணிக்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் கெடுத்து வைத்ததை இது தனக்குள்ளேயே கழுவிக்கொண்டதே!

அன்றைக்கே ஊசி போட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து டாக்டரம்மா வந்தபோது, புருஷன் கயிறும் கையுமாக நின்றான். வண்டிக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லியும் வைத்திருந்தான். டாக்டரம்மா கையை விட்டார். நிதானமாகத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார். பால்காரி புருஷன் கையிலிருந்த கயிற்றையே பார்த்தாள்.

"அக்கா, வளையலைக் கழட்டிட்டு வாங்க."

உறையை அவளுக்கே மாட்டி, கையை உள்ளே விடச் சொன்னார். உள்ளே அடுப்படி போல வெதுவெதுப்பு. "இன்னும் கொஞ்சம் பக்கவாட்டுல. விரல் தடிமன்ல ஒரு குழாய் தட்டுப்படும். மெதுவாப் பிடிங்க."

பிடித்தாள். நாடி போல அது துடிக்கவில்லை. மடை திறந்த வாய்க்கால் போல, விரலுக்குள் சுழித்துச் சுழித்து ஓடியது.

"கன்னுக்குப் போற ரத்தம்" என்றார் டாக்டரம்மா.

பால்காரிக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. செருப்பைக் கட்டிய அதே கை. அந்தக் கைக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. மகாராணியோ ஒன்றும் நடக்காதது போல அசை போட்டது.

"என்னடி, உள்ளயே குடியிருக்கப் போறியா?"

"சும்மா இருங்க. ஓடுது."

"என்ன ஓடுது?"

அவள் குழாயை விடாமல் பிடித்திருந்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் கை ஒழியவில்லை. அவன் அவள் முகத்தையே பார்த்தான். கயிற்றை ஆணியில் மாட்டினான். பிறகு சட்டைக் கையை மெல்லச் சுருட்ட ஆரம்பித்தான்.

டாக்டரம்மா பையில் இன்னொரு உறையைத் தேடினார்.