ஒரு கைச் சட்டை

முதல் முகம் இடது கையில் வந்ததா, வலது கையில் வந்ததா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. கத்திரியைக் கேட்டால் இடது என்று சத்தியம் செய்வாள். அண்ணி வலது என்பார். நான் நினைவு என்று வைத்திருப்பதில் பாதி, பிறகு அவர்கள் சொல்லிச் சொல்லி ஏறியதாகக்கூட இருக்கலாம். கை என்றால் இங்கே சட்டைக் கை.

எங்கள் ஆலையில் சட்டைக்குக் கை வைத்துத் தைப்போம். கைகள் மட்டும் எல்லைக்கு அப்பால், அதே முதலாளியின் இன்னொரு ஆலையிலிருந்து அட்டைப்பெட்டிகளில் வரும். ஒரு நாள் ஒரு கையின் உட்புறத்தில் யாரோ சாக்பீஸால் சிரிக்கிற முகம் வரைந்திருந்தார்கள். நூல் வெட்டுவதாலேயே கத்திரி என்று பெயர் வாங்கியவள் சும்மா இருப்பாளா? திரும்பிப் போகும் காலிப் பெட்டிக்குள் மீசை வைத்த முகம் ஒன்று வரைந்து அனுப்பினாள். மீசை எங்கள் சூப்பர்வைசருடையது. எதற்கெடுத்தாலும் விசில் ஊதுவதால் அவர் பெயரே விசில். அடுத்த தடவை கையில் செல்போன் எண் வந்தது.

அதன்பிறகு சாப்பாட்டு நேரத்தில் பேச்சுதான். நாங்கள் பேசினால் செல்போன் அதை அவர்கள் மொழியில் சொல்லும். அவர்கள் பேசியதை எங்கள் மொழியில், ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் சொல்லும். அவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் கைக்காரிகள். வாயே திறக்காத எனக்கு எங்கள் வரிசை வைத்த பெயர் சைலன்ஸர்.

எங்கள் வரிசையில் யார் கழிப்பறைக்குப் போனாலும் விசிலின் மேசையில் இருக்கும் மரக்கட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். கட்டை ஒன்றே ஒன்று. ஒருத்தி திரும்பும்வரை மற்றவள் அடக்கிக்கொள்ள வேண்டும். பொத்தான் துளை போடும் காஜா மிஷினில் இருந்த என் அண்ணிக்கு அப்போது ஏழாம் மாதம். ஒரு நாள் கட்டை திரும்பி வரவில்லை. அண்ணி காத்திருக்கவில்லை.

“நாளையிலேருந்து உங்க வீட்டுக் கக்கூசுக்கே போய்க்கலாம்,” என்றார் விசில்.

வேலையோடு பேறுகால விடுப்பும் போயிற்று. ஆனாலும் அண்ணி தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு வாசலுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்தார். கத்திரி செல்போனை வாயருகே பிடித்தாள்.

“அக்கா, எங்க அண்ணியை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. கட்டை இல்லாம கக்கூஸ் போனாங்களாம்.”

“இங்கே சிவப்புத் தொப்பி,” என்றது அறிவிப்புக் குரல். “தொப்பி போட்டவர் மட்டும் போகலாம். எல்லோரும் பார்ப்பார்கள்.”

“அடப்பாவிங்களா. அப்போ நீங்கதான் எங்களுக்குக் கை கொடுக்கணும்.”

“எத்தனை கை?”

“எத்தனை முடியுமோ அத்தனை. உங்களுக்கு இதெல்லாம் இடது கையால செய்யுற வேலைதானே.”

“இடது கை. புரிந்தது. உடனே.”

கத்திரி கண்ணடித்தாள். “பாத்தீங்களா அண்ணி, கேட்ட வாய் மூடல, அதுக்குள்ள சரின்னுட்டாங்க.”

பெட்டிகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. விசில் பூரித்துப்போனார்.

“அங்க இருக்கிற பொம்பளைங்களைப் பாருங்க. நீங்களும் இருக்கீங்களே.”

பிரித்துப் பார்க்காமலே எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டார். நடைவழியெல்லாம் பெட்டி. கட்டை மாட்டியவள்கூட நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் கழிப்பறைக்குப் போக முடிந்தது.

புதுப் பெட்டியை முதலில் பிரித்தவள் நான். ஒரு சட்டைக்கு இடது கை வைத்தேன். வலது கையைத் தேடினேன். அடுத்த பெட்டியைப் பிரித்தேன். அதற்கடுத்ததையும். எல்லாம் இடது. வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கத்திரியிடம் போனேன்.

“நீ கை கேட்டே. அவங்க கை அனுப்பிட்டாங்க.”

கத்திரி தலையில் அடித்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் செல்போனை எடுத்தாள். “அக்கா, நாங்க கேட்டது இந்தக் கை இல்ல.”

“வலதா?”

“ஐயோ, அதுவும் இல்ல. கைன்னா, கூடமாட இருக்கிறது.”

“மாடு எதற்கு?”

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “போதும்டி, இங்கேயே பிரசவம் ஆயிடும்.” சிரித்து முடித்ததும் முகம் வாடிவிட்டது.

நான் செல்போனை வாங்கினேன். சைலன்ஸர் வாயைத் திறப்பதைப் பார்க்க எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். கை என்ற சொல் வராத வாக்கியமாக மனதுக்குள் தேடினேன்.

“அண்ணி திரும்பி வரணும். கட்டை போகணும். உங்க தொப்பியும் போகணும். அதுவரைக்கும் நாங்க தைக்கமாட்டோம். நீங்களும் தைக்காதீங்க.”

அந்தப் பக்கம் நீண்ட மௌனம். எனக்கு அது பிடித்திருந்தது.

“இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே,” என்றது குரல். “இடுப்பு ஒடிந்துவிட்டது.”

மறுநாள் இரண்டு ஆலையிலும் மிஷின் ஓடவில்லை. விசில் அலட்டிக்கொள்ளவில்லை. “கைதான் மலையாக் குவிஞ்சு கிடக்கே. அங்க தைக்காட்டி என்ன? வெளியாளை வெச்சு நான் முடிச்சுக்கறேன்.” ஒரு பெட்டியைப் பிரித்தார். இன்னொன்றைப் பிரித்தார். பிறகு தரையில் உட்கார்ந்து கைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“சார்,” என்றாள் கத்திரி, “ஒரு கை வெச்ச சட்டைக்கு எங்கயாவது ஆர்டர் இருக்கான்னு கேட்டுப் பாருங்க.”

வலது கைகள் எல்லைக்கு அப்பால் தைக்காத துணியாகக் கிடந்தன. முதலாளி இரண்டு ஆலைக்கும் மாறி மாறிப் பேசினார். எந்த மொழியில் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைத்தது.

அந்த வாரமே அண்ணி காஜா மிஷினுக்குத் திரும்பினார். விடுப்பும் கிடைத்தது. மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இங்கே கட்டையும் அங்கே தொப்பியும் போய்விட்டன. விசிலைக் கிடங்குக்கு மாற்றினார்கள். இப்போது ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். இரண்டு ஆலைக்கும் சேர்த்து ஒரே சங்கம் இருக்கிறது. கத்திரி அதன் இந்தப் பக்கத்துச் செயலாளர். செல்போனில் பேசும் வேலையை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். முதல் முகம் வரைந்தவள் இன்னும் அங்கே கை தைக்கிறாள். நான் அதைச் சட்டையில் வைத்துத் தைக்கிறேன்.