கேட்டுவிட்ட குற்றம்

தேம்சு ஆற்றின்மேல் பனி கவிந்து, தெருவிளக்குகள் மஞ்சள் கறைகளாய் மங்கி, வண்டிக் குதிரைகள் தம் மூச்சே புகையாய் எழ நடைதளர்ந்து செல்லும் கூதிர்கால மாலையொன்றில், அறிவுசால் அன்பரே, வெசுட்மின்சுட்டர் விருந்துக்கூடத்தில் பெரியோர் சிலர் ஆட்டுக்கறியும் தேறலுமாய்க் களித்திருந்தனர். ஆப்பிரிக்கக் கடற்கரை நாடொன்றில் அமையவிருந்த இருப்புப்பாதைக்கு மதியுரைப் பொறியாளரை அமர்த்தும் குழுவினர் அவர்கள். பாதை எவ்வழி செல்லவேண்டும் என்பதை இலண்டனில் இருந்தபடியே முடிவு செய்பவர் அந்த மதியுரையாளர்தாம்.

அவ்விருந்தில் இருந்த பொறியாளர் ஆம்புரோசு தில்னி, அந்நாட்டுச் சதுப்பை நடந்தே அளந்து, காய்ச்சலில் ஆட்கள் மடிவதைக் கண்ணாரக் கண்டு மீண்டவர். அவர் மருமகன் எட்மண்டு இப்போது அங்கே பாதை போடும் பணியில் இருந்தான். சதுப்பை விலக்கி மேட்டுவழியே பாதை வளைந்தால் அவன் பிழைப்பான். ஆயின் அப்பெருமக்களின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: மானமுள்ளோர் வேலையை வாய்திறந்து கேட்கலாகாது, அழைக்கும்வரை காத்திருத்தல் வேண்டும். அந்தோ, தில்னி கேட்டுவிட்டார்!

"ஓல்ராய்டு, வெக்கத்தை விட்டுக் கேக்கறேன். அந்த வேலையை எனக்குக் குடுங்க."

குழுத்தலைவர் ஓல்ராய்டு முகஞ்சுளித்தார். "என்ன தில்னி, மீன் விக்கற மாதிரி கூவுறீங்க? நாலு பேர் காதுல விழப்போகுது."

"விழட்டுமே! சதுப்புல பாதை போட்டா ஆளுங்க செத்துப்போவாங்கய்யா. என் மருமகன் அங்க இருக்கான்!"

"சரி சரி, இன்னும் கொஞ்சம் கறி போட்டுக்குங்க."

மேசை முழுதும் நகைத்தது. மறுவாரமே, அன்று வாய்திறவாது உண்டிருந்த சர் இலயோனல் காட்விக் அமர்த்தப்பட்டார். அந்நாட்டு மண்ணை மிதித்தறியாத அவர், வரைபடத்தின்மேல் அளவுகோலை வைத்துச் சதுப்பின் நடுவே கோடு கிழித்தார். கோடு அழகாய்த்தான் இருந்தது. வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல! மழைக்காலம் முடியுமுன் எட்மண்டு காய்ச்சலில் மாண்டான். அவனோடு மடிந்த அந்நாட்டு ஆட்களின் பெயர்களை இலண்டனில் ஒருவரும் வினவவில்லை.

பாதைத் திறப்பு விருந்தில் ஓல்ராய்டு எழுந்து, "காட்விக்கோட பெருந்தன்மையைப் பாருங்க! இந்த வேலையை அவர் கேக்கவே இல்ல," என்றார். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.

கணவன் எட்மண்டுக்காகத் துக்கக் கறுப்புடை தரித்து அடுப்புக்கனலின் எதிரே அமர்ந்திருந்த மகள் வினிபிரெடு, அவ்விருந்திலிருந்து வீடு திரும்பிய தந்தையை நோக்கினாள்.

"அப்பா, அவங்ககிட்ட நீங்க சொன்னீங்கதானே?"

"சொன்னேம்மா. வேலையை எனக்கே குடுங்கன்னு கேட்டேன்."

"முடியாதுன்னுட்டாங்களா? அப்புறம் என்ன பண்ணீங்க?"

தில்னி தொப்பியைக் கையில் சுழற்றியவாறே நின்றார்.

"மறுநாள் காலையில போய், கேட்டதுக்கு மன்னிப்புக் கேட்டேன்."

அதன்பின் அவ்வீட்டில் அவரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.