பதினான்காம் பக்கம்

கிருசாந்தன் அதுவரை பதினொரு படங்களில் செத்திருந்தான். முதல் படத்தில் பாம்பு கடித்தது. பிறகு சுடப்பட்டான், கடலில் மூழ்கினான். ஒரு படத்தில் தலைப்பு வருவதற்கு முன்பே முடிந்துபோனான். சிட்னியில் நடிப்புப் பள்ளியை விட்டு இருபது வருடம். நல்ல குரல் என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு டாக்சிக்காரனாக, டாக்டராக, அகதியாக இரண்டு பக்கம் கொடுத்து மூன்றாம் பக்கத்தில் கொன்றார்கள். நாற்பத்துமூன்று வயதில் லண்டனில் கிடைத்த படத்திலும் மூலைக்கடைக்காரர் வேடந்தான். திரைக்கதையின் பதினான்காம் பக்கத்தில் கத்திக்குத்து.

படப்பிடிப்புக்கு எடுத்திருந்தது தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் ஒரு நிஜக் கடை. சொந்தக்காரி பியற்றிஸ், மன்னாரிலிருந்து வந்து இருபத்தாறு வருடமாக அதை நடத்துகிறவர். ஒத்திகை முழுவதையும் பால் கூடையொன்றைக் கவிழ்த்துப் போட்டு அதிலிருந்து பார்த்தார். தேநீருக்கு நிறுத்தியபோது மெல்லக் கேட்டார்.

"தம்பி, கத்தியைக் கண்ட உடனை ஏன் கையைத் தூக்கிறியள்?"

"அப்பிடித்தான் எழுதியிருக்கு, அன்ரி."

"எழுதினவருக்குக் கடை இருக்கோ?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"இஞ்சை ஒருத்தன் வந்தவன். கத்தியை நீட்டிக்கொண்டு நிக்கிறான், சப்பாத்து லேஸ் அவிண்டு கிடக்கு. விழப்போறாய், முதல் அதைக் கட்டு எண்டு சொன்னன்."

"கட்டினவனோ?"

"ஓம், குனிஞ்சு கட்டினவன். நிமிந்தாப்பிறகு என்னத்துக்கு வந்தனெண்டு மறந்துபோச்சுப் போலை. போயிட்டான். நான்தான் பிறகு ஒரு கிழமை நித்திரை கொள்ளேல்லை."

இருபது வருடத்தில் கிருசாந்தன் எந்த இயக்குநரிடமும் எதையும் கேட்டதில்லை. கேட்கிறவர்களை மறுபடி கூப்பிடுவதில்லை என்பது அவனுடைய அனுபவம். இருந்தும் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு இயக்குநர் டயனாவிடம் போனான். ஒரேயொரு தடவை வேறு மாதிரிச் செய்து பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் தூக்கி எறியுங்கள் என்றான். அவள் பியற்றிஸ் சொன்ன கதையைக் கேட்டாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு உடைக்குப் பொறுப்பான பெண்ணைக் கூப்பிட்டு, கொள்ளைக்காரனாக நடிப்பவனின் லேசை அவனுக்குத் தெரியாமல் அவிழ்த்துவிடச் சொன்னாள்.

கமரா ஓடியது. கத்தி வந்தது. கிருசாந்தன் கையைத் தூக்கவில்லை. விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த பிஸ்கட் பெட்டியைக் கீழே வைக்காமலே, லேசைக் கட்டு, விழுந்துவிடுவாய் என்றான். அந்த நடிகன் உண்மையாகவே குனிந்து பார்த்தான். இரண்டு கையாலும் கட்டவேண்டியிருந்ததால் கத்தியை மேசையில் வைத்தான். கடையில் ஐஸ்கிரீம் பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது. டயனா 'கட்' சொல்லவில்லை. அவன் எழும்பி, தன் வெறுங்கைகளைப் பார்த்துவிட்டு, கத்தியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போனான்.

"என்னட்டை வந்தவன் கத்தியைக் கொண்டுபோனவன்," என்றார் பியற்றிஸ், யாரிடமென்றில்லாமல்.

கத்திக்குத்துக் காட்சியை அன்று எடுக்கவில்லை. திங்கட்கிழமை திரைக்கதையின் புதுப் பக்கங்கள் வந்தன. கிருசாந்தன் தெருவோரச் சுவரில் சாய்ந்து கடைசித் தாள்வரை புரட்டினான். தொண்ணூற்றாறாம் பக்கத்திலும் கடைக்காரர் இருந்தார். முதலிலிருந்து மறுபடி புரட்டிப் பார்த்துவிட்டு சிட்னிக்கு அழைத்தான்.

"இதிலை எந்த இடத்திலை சாகிறாய்? முதலே சொல்லு, படம் பார்க்கேக்கை அந்த இடத்திலை நான் எழும்பி உள்ளை போகவேணும்," என்றாள் அம்மா.

"சாகேல்லை, அம்மா. கடைசிமட்டும் இருக்கிறன்."

போனைக் கீழே வைக்காமலே, அவள் வீட்டிலிருந்த யாரிடமோ அதையே இரண்டு தரம் உரத்துச் சொல்வது கேட்டது.

படப்பிடிப்பின் ஐந்தாம் வாரம், படத்தின் கடைசிக் காட்சி. காலையில் கடைக்காரர் ஷட்டரைத் தூக்குகிறார், அவ்வளவுதான். கிருசாந்தன் தூக்கி உள்ளே போய் நின்றான். தெருவில் மறித்து நின்ற படக்குழுவினரை எப்படியோ தாண்டி, படப்பிடிப்பென்று தெரியாமல், கைப்பையோடு ஒரு வெள்ளைக்கார மூதாட்டி நேரே உள்ளே வந்து ஆறு முட்டையும் ஒரு பாணும் கேட்டார். யாரோ தடுக்க ஓடிவந்தார்கள். டயனா கையை நீட்டி நிறுத்தினாள். கமரா ஓடிக்கொண்டே இருந்தது. கிருசாந்தன் முட்டைப் பெட்டியைத் திறந்து, வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முட்டையாகத் திருப்பிப் பார்த்தான். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்து வரிசையில் நின்றார்.