முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை

1.

இந்தக் கதை ஒரு கொப்பியில் தொடங்கியது. சரியாகச் சொன்னால், அந்தக் கொப்பியில் நான் எழுதாமல் விட்ட ஒரு வரியில். நான் கதை எழுதுகிற ஆள். வெள்ளவத்தையில், தொடர்மாடியொன்றின் மூன்றாம் தட்டில், மனைவி சரோஜினிதேவியோடு இருக்கிறேன். சித்திரையில் அவளுக்கு வலது முழங்கால் மாற்றும் சத்திரசிகிச்சை நடந்தது. அதைப் பற்றிச் சிரிக்கவைக்கிற ஒரு பகிடிக் கதை எழுதுவதாகத்தான் முதலில் எண்ணம்.

நாற்பது வருடமாக இடப்பக்கம் சரிந்து படுத்தவளை நிமிர்ந்து படுக்கச் சொன்னால்

[இந்தத் தொடக்கத்தை விட்டுவிட்டேன். பகிடி வரவில்லை.]

2.

அவள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, பிசியோதெரபி செய்கிற சஹ்லா என்ற பெண் கொம்பனித்தெருவிலிருந்து வந்தாள். முக்கால் மணி நேரம் இருந்தாள். எப்படிப் படுப்பது, எப்படித் திரும்புவது, எங்கே தலையணை வைப்பது, எங்கே வைக்கவே கூடாது, எல்லாம் சொன்னாள். சரோவுக்கு மருந்து மயக்கத்தில் கண் செருகிக்கொண்டு போனது.

"இவர் எழுதிறார்தானே பிள்ளை, அவருக்குச் சொல்லுங்கோ" என்றாள்.

நான் கொப்பியில் எழுதினேன். நாலு பக்கம். சஹ்லா கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டியிருந்ததை எழுதினேன். நித்திரைக் குழந்தையைத் தூக்குவதுபோல அவள் சரோவின் காலைத் தூக்கியதை எழுதினேன். ஒவ்வொரு வசனத்தையும் 'விளங்குதா அங்கிள்' என்று முடித்ததையும் எழுதினேன். விளங்க வேண்டியது என்ன என்பதை மட்டும் எழுதவில்லை.

(எழுத்தாளனின் கண் என்று பாராட்டுவார்கள். மண்ணாங்கட்டி.)

3.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். நிமிர்ந்து கிடக்க முடியவில்லை.

"சவம் கிடத்தின மாதிரிக் கிடக்கப்பா" என்றாள்.

இடப்பக்கம் சரித்து, கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் பார்த்தோம். தையல் இழுத்தது. முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து அரைவாசி இருத்திப் பார்த்தோம். இடுப்புப் பிடித்தது. கடைசியில் முழங்காலின் அடியில் ஒரு தலையணையைச் செருகினேன். அவள் முகம் அப்படியே தளர்ந்தது.

"இப்பதான் சுகமாக் கிடக்கு. அந்தப் பிள்ளை இப்பிடி வைக்கலாம் எண்டவவோ?"

கொப்பியைப் புரட்டினேன். அதில் இருக்காது என்று தெரிந்தும் புரட்டினேன்.

"ஓம், வைக்கலாமாம்."

சஹ்லாவுக்குத் தொலைபேசியில் ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாம். நாலு பக்கம் எழுதிவிட்டு ஒன்றும் காதில் விழவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், அந்தத் தலையணையை என் கையாலேயே வைத்தேன். சஹ்லா வருகிற காலைகளில் சரோ எழும்பிக் கதிரையில் இருப்பாள், அதனால் அது அந்தப் பிள்ளையின் கண்ணில் படவே இல்லை. அன்போடுதான் வைத்தேன். அதுதான் இன்னும் கூட நோகிறது.

4.

இரண்டாவது பிரதியில் கணவனுக்கு யோகநாதன் என்று பெயர் வைத்தேன். ஓய்வுபெற்ற இன்ஜினியராக்கி, ஒரு காதைக் கொஞ்சம் மந்தமாக்கினேன். பாவம், மனுசனுக்குக் கேட்கவில்லை. நீங்களும் அவனை மன்னித்திருப்பீர்கள்.

என் காது இரண்டும் நன்றாகக் கேட்கும். கடற்கரை ரயில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் பிரேக் போடுவது எனக்கு மூன்றாம் தட்டில் கேட்கும். யோகநாதனை நீக்கிவிட்டேன்.

5.

ஆறாம் கிழமை சஹ்லா சரோவைக் கட்டிலில் படுக்க வைத்துக் காலை நீட்டச் சொன்னாள். நீளவில்லை. முழங்காலுக்கும் மெத்தைக்கும் இடையில் சஹ்லாவின் கை தாராளமாகப் போய் வந்தது.

"படுக்கக்குள்ள கீழ ஏதாச்சும் வைக்கிறீங்களா ஆன்ட்டி?"

"தலகணி ஒண்டு வைக்கிறனான்."

"முழங்காலுக்குக் கீழ வைக்க வாணாம் எண்டு முதல் நாளே சொன்னேனே. குதிக்காலுக்குக் கீழ மட்டும்தான். இல்லாட்டி மடங்கினபடியே இறுகிரும். அங்கிள் எழுதியும் எடுத்தாரே."

"அவர் எழுதினவர்தான் பிள்ளை" என்றாள் சரோ. "நான்தான் நோவு தாங்கேலாமல் வைக்கச் சொல்லியிருப்பன். அந்த மருந்து மயக்கத்திலை ஒண்டும் நினைவில்லை. என்ரை பிழை."

நான் வாசலில் நின்றேன். "இல்லை" என்று ஒரு சொல் போதும். அப்போது நான் வாயைத் திறந்து

[திறக்கவில்லை.] சஹ்லாவுக்குத் தேத்தண்ணி போடப் போனேன்.*

* அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அப்படியும் போனேன்.

6.

டொக்டர் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். மறுபடி மயக்கம் கொடுத்து மூட்டை நேராக்க வேண்டிவரலாமாம். முதல்முறை மயக்கம் தெளிந்து இரண்டு நாள் குடித்த தண்ணீரைக்கூடச் சத்தி எடுத்தாள். செத்துப்போன தன் தம்பியின் பெயரால் என்னைக் கூப்பிட்டாள். அதனால் இப்போது பயந்து போயிருக்கிறாள். பயத்துக்கு நடுவிலும் நேற்று என்னிடம், "என்ரை பிழையாலை உங்களுக்கும் எவ்வளவு அலைச்சல்" என்றாள்.

முடிவு அ: புதனுக்கு முன் சொல்கிறேன். அவள் சிரிக்கிறாள். (பொய். சிரிக்கமாட்டாள்.)

முடிவு ஆ: சொல்கிறேன். ஒரு கிழமை அவள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள்

முடிவு இ: மூட்டு நேராகிவிடுகிறது. சொல்லவேண்டிய தேவையே வரவில்லை. இதை எழுதும்போது பேனை நன்றாக ஓடியது. அதனாலேயே கிழித்துப்போட்டேன்.

7.

இப்போது பின்னேரம் நாலு மணி. அறையிலிருந்து கேட்கிறாள்.

"என்னப்பா எழுதிறியள்?"

"உம்மடை முழங்கால் கதைதான்."

"அதிலை அந்த மனுசி நடக்கிறாவோ?"

"இன்னும் முடிக்கேல்லை."

"நடக்க விடுங்கோ. பாவம்."

இதற்குமேல் என்னால் எழுத முடியாது. மிச்சம் உங்கள் பொறுப்பு. காலி வீதியில், சந்தைக்குப் போகிற பக்கம், நரைத்த தலையைக் கொண்டை போட்ட உயரமான ஒரு பெண் கைத்தடியோடு வருவதைக் கண்டால், அது சரோ. யாரோடும் கதைப்பாள். முழங்கால் எப்படி என்று கேளுங்கள். "எல்லாம் அந்த மனுசனாலை வந்த வினை" என்று என்னைத் திட்டினால், கதை முடிந்துவிட்டது, நீங்கள் போகலாம். "என்ரை பிழைதான்" என்று சொன்னால், நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. நீங்களாவது அவளுக்குச் சொல்லிவிடுங்கள்.